பழைய காசுக்கு லட்சம் கிடைக்குமா? 'எரர் காயின்' மோகமும் அதை வைத்து நடக்கும் மோசடியும்

"உங்ககிட்ட இந்த 5 ரூபாய் காசு இருக்கா? அப்போ நீங்கதான் லட்சாதிபதி!"

இப்படி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டோ, ரீல்ஸ் வீடியோவோ வந்து சேராத போன் இருக்க வாய்ப்பே இல்லை. சில வருடங்களுக்கு முன்பு வைஷ்ணவ தேவி படம் போட்ட காசு. அப்புறம் டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு. அந்த வரிசையில் இன்னொன்று 'எரர் காயின்', அதாவது அச்சடிக்கும்போது பிசகிப்போன காசு.

வீடியோ பார்த்ததும் பலரும் உண்டியலைக் கவிழ்த்து, காசுகளைத் தரையில் பரப்பி, டார்ச் அடித்துத் தேடுகிறார்கள். அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. வீடியோவுக்குக் கீழே இருக்கும் நம்பருக்கு போட்டோ அனுப்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. பிசகிய காசு ஒன்று கோடிக்கணக்கில் விலை போன கதை பொய் இல்லை. அது நிஜமாகவே நடந்திருக்கிறது. அந்த உண்மைதான் மோசடிக்காரர்களுக்கு மூலதனம். அதனால் எந்தப் பிசகுக்கு விலை உண்டு, எதற்கு இல்லை, ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் மீதியைக் கணிப்பது சுலபம்.

பிசகு எங்கே நடக்கிறது?

காசு அடிப்பது கிட்டத்தட்ட முறுக்கு பிழிவது மாதிரி ஒரு தொடர் வேலை. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெற்று வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். அவற்றைச் சூடாக்கி மிருதுவாக்கி, ஓரத்தை லேசாக உயர்த்துவார்கள். பிறகு ஒவ்வொரு வில்லையும் இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே போய் உட்காரும். ஒரு அச்சில் தலை, இன்னொன்றில் பூ. சுற்றிலும் ஒரு வளையம் பிடித்துக்கொள்ள, ஒரே அடி. காசு ரெடி. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் இப்படி விழும்.

இந்த வேகத்தில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் பிசகலாம். வில்லை சரியாக உட்காராமல் அடி விழுந்தால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் பிறை நிலா மாதிரி வெறுமையாக நிற்கும். தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மீதே மறுபடி வெட்டு விழுந்தால், கடித்து எடுத்த பிஸ்கட் போல ஓரம் குறைந்த வில்லை கிடைக்கும். அடிபட்ட காசு வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் அந்தக் காசின் உருவமே குழிவாக, கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிப் பதியும். பூவா தலையா போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் தலை!

இவற்றில் பெரும்பாலானவை சோதனையிலேயே பிடிபட்டு உருக்கப்படும். தப்பித்து வெளியே வருபவைதான் 'எரர் காயின்'. அதாவது, சேகரிப்பாளர் காசு கொடுப்பது கோணலான உருவத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் கோணல் நாணயச்சாலைக்குள்ளேயே நடந்தது, அப்படி வெளியே வந்தவை மிகக் குறைவு என்ற இரண்டு விஷயங்களுக்காகத்தான்.

கோடிக்குப் போன ஒரு சென்ட்

உலகிலேயே அதிகம் பேசப்படும் பிசகு அமெரிக்காவின் 1943 செப்புக் காசு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவத்துக்குத் தாமிரம் தேவைப்பட்டதால், அந்த ஒரு வருடம் மட்டும் ஒரு சென்ட் காசுகளை துத்தநாகம் பூசிய இரும்பில் அடித்தார்கள். மூன்று நாணயச்சாலைகளில் மொத்தம் 100 கோடிக்கும் மேல்.

ஆனால் முந்தைய வருடத்தின் செப்பு வில்லைகள் சில, வில்லைகளைக் கொண்டு செல்லும் தொட்டிகளின் இடுக்கில் சிக்கி மிச்சமிருந்ததாகக் கருதப்படுகிறது. அவை இரும்பு வில்லைகளோடு கலந்து, 1943 என்ற எண்ணோடு அடிபட்டு, சத்தமில்லாமல் வெளியே போய்விட்டன. இன்றுவரை உறுதிசெய்யப்பட்டவை ஏறக்குறைய இரண்டு டஜன்தான். டென்வர் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டதில் தெரியவந்தது ஒன்றே ஒன்று. அது 2010-ல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

இந்தக் காசைச் சுற்றி அப்போதே ஒரு வதந்தி கிளம்பியது. 1943 செப்புக் காசு கொண்டுவந்தால் ஃபோர்டு நிறுவனம் புது கார் தரும் என்று! நிறுவனம் அப்படி எதுவும் அறிவிக்கவில்லை. அந்தக் காலத்து ஃபார்வர்டு மெசேஜ் என்று வைத்துக்கொள்ளலாம். வதந்தி பரவியதும் போலிகளும் வந்தன. சாதாரண 1943 இரும்புக் காசுக்குச் செப்பு முலாம் பூசினார்கள். 1948 காசில் 8-ன் இடது பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்கினார்கள்.

முலாம் பூசியதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. ஒரு காந்தம் போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு. சுரண்டியதைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடியும், அசல் 3 எப்படி இருக்கும் என்ற பரிச்சயமும் வேண்டும்.

சிகரெட் பெட்டிக்குள் வந்த புதையல்

இன்னொரு கதை 1955-ல் பிலடெல்பியாவில் நடந்தது. அச்சைத் தயாரிக்கும்போது மூல உருவத்தை ஒரே அச்சில் ஒரு முறைக்கு மேல் அழுத்துவது அப்போதைய வழக்கம். இரண்டாவது அழுத்தம் ஒரு நூலளவு திரும்பிவிட்டது. விளைவு, அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு சென்ட்டிலும் ஆண்டும் எழுத்துகளும் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. கண்ணாடி போடாமல் படிக்கிற மாதிரி ஒரு தோற்றம்.

பிசகு கண்ணில் படுவதற்குள் சுமார் 40 ஆயிரம் காசுகள் அடித்து முடிந்திருந்தன. அவற்றில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை மற்ற காசுகளோடு ஏற்கெனவே கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்க மொத்தக் குவியலையும் உருக்க வேண்டியிருக்கும் என்பதால், போனால் போகட்டும் என்று வெளியே விட்டுவிட்டார்கள்.

அப்போது தானியங்கி இயந்திரங்களில் ஒரு சிகரெட் பாக்கெட் 23 சென்ட். இயந்திரத்தில் போடுவதோ 25 சென்ட் காசு. மீதி 2 சென்ட்டை பாக்கெட்டின் மேலுறைக்குள்ளேயே வைத்து விற்றார்கள். பிசகிய காசுகளில் பல இப்படித்தான் புகைபிடிப்பவர்கள் கைக்கு வந்ததாகச் சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். இன்று அந்த ஒரு சென்ட் ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

அதே 1955-ல் அச்சு தேய்ந்ததால் கடைசி 5 மட்டும் லேசாக இரட்டையாகத் தெரியும் சென்ட்களும் உண்டு. அதற்கு சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'ஏழைகளின் இரட்டை அச்சு'. அதன் மதிப்பு ஓரிரு டாலர். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் 'டபுள்' தான். ஒன்று அச்சிலேயே இருந்த தவறு. மற்றொன்று தேய்மானம். வீடியோக்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

வருடம் இல்லாத 20 பென்ஸ்: ஒரு சின்னக் கணக்கு

விலை எப்படி முடிவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள பிரிட்டனின் 2008 சம்பவம்தான் சிறந்த உதாரணம். அந்த வருடம் அங்கே காசுகளின் பின்பக்கத்தை மொத்தமாக மாற்றினார்கள். அரச சின்னமான கேடயத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு காசிலும் ஒரு துண்டு வருகிற மாதிரியான வடிவமைப்பு. 20 பென்ஸ் காசில் வருடம் அதுவரை பின்பக்கம் இருந்தது. புது வடிவமைப்பில் அதை ராணி படம் இருக்கும் முன்பக்கத்துக்கு மாற்றினார்கள்.

ஒரு தொகுதி அடிக்கும்போது, புதிய பின்பக்க அச்சோடு பழைய முன்பக்க அச்சை மாட்டிவிட்டார்கள். பழைய முன்பக்கத்தில் வருடம் கிடையாது. புதிய பின்பக்கத்திலும் கிடையாது. ஆக, வருடமே இல்லாத காசு! பிரிட்டனில் 300 வருடங்களுக்கு மேல் இப்படி நடந்ததில்லை.

இப்படி வெளியே போனவை 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை இருக்கலாம் என்று ராயல் மின்ட் மதிப்பிட்டது. 2009-ல் செய்தி வெளியானதும் ஒரு தனியார் நிறுவனம் காசுக்கு 50 பவுண்டு தருவதாக அறிவித்தது. ஏல இணையதளங்களில் ஆயிரக்கணக்கில் விலை கேட்டு விளம்பரங்கள் குவிந்தன. பரபரப்பு அடங்கிய பிறகு விலை எங்கே வந்து நின்றது? பெரும்பாலும் 50 முதல் 100 பவுண்டுக்குள்.

20 பென்ஸுக்கு 50 பவுண்டு என்றால் 250 மடங்கு. நல்ல லாபம்தான். ஆனால் குறைந்தது 50 ஆயிரம் காசுகள் இருக்கும் ஒன்றுக்கு யாரும் லட்சங்களைக் கொட்ட மாட்டார்கள். 1943 செப்புக் காசுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எண்ணிக்கைதான். கூடவே, அமெரிக்காவில் சென்ட் சேகரிப்பவர்களின் கூட்டம் மிகப் பெரியது. ஒரே காசுக்குப் பத்துப் பேர் போட்டி போட்டால்தான் விலை ஏறும்.

இந்தியக் காசுகளில்?

இங்கும் பிசகுகள் நிறையவே உண்டு. படம் ஒதுங்கிய ஒரு ரூபாய், ஓரம் கடிபட்ட 2 ரூபாய், நடு வட்டு நகர்ந்துபோன 10 ரூபாய் என்று நாணயக் கண்காட்சிகளில் பார்க்கலாம். பெரும்பாலும் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை விலை பேசுவார்கள். படம் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது, வருடம் தெரிகிறதா, காசு தேயாமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். லட்சம் என்பது வீடியோ தலைப்பில்தான் அடிக்கடி வருகிறது.

'எரர்' என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி பிசகே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

உதாரணத்துக்கு, வருடத்துக்குக் கீழே இருக்கும் சின்னக் குறி. மும்பையில் அடித்தால் வைரம், ஹைதராபாத்தில் நட்சத்திரம், நொய்டாவில் புள்ளி. 'இந்தக் காசில் குறியே இல்லை, அதனால் எரர்' என்று யாராவது சொன்னால், அது கொல்கத்தாவில் அடித்த காசாக இருக்கும். அங்கே குறி போடும் வழக்கமே இல்லை. பழக்கமில்லாத குறி இருந்தாலும் பதற்றம் வேண்டாம். 1990-களின் பிற்பகுதியில் தட்டுப்பாட்டைச் சமாளிக்க தென்கொரியா, மெக்சிகோ, ரஷ்யா, தென்னாப்பிரிக்கா, ஸ்லோவாக்கியா நாணயச்சாலைகளிலும் இந்தியக் காசுகள் அடிக்கப்பட்டன. அவர்களுடைய குறிகள் அவை.

10 ரூபாய்க் காசு கதை தமிழ்நாட்டுக்கு நன்றாகவே தெரியும். கடையிலும் பஸ்ஸிலும் 'செல்லாது' என்று திருப்பிக் கொடுத்த அதே காசு. சிலவற்றில் 10 கோடுகள், சிலவற்றில் 15 கோடுகள். ஒன்றில் ரூபாய்ச் சின்னம் உண்டு, இன்னொன்றில் இல்லை. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டு, அதுவரை வெளியான 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று சொல்ல வேண்டியிருந்தது. வடிவமைப்பு மாறினால் அது போலியும் இல்லை, பிசகும் இல்லை. 10 ரூபாய்க்கு 10 ரூபாய்தான்.

ஒரு ரூபாய்க் காசு வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். 2011 வரிசையில் அதன் எடை 3.79 கிராம். 2019 வரிசையில் 3.09 கிராமாகக் குறைத்துவிட்டார்கள்.

அப்புறம், வெளியே வந்த பிறகு சேதமானவை. ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, அமிலத்தில் போட்டு இளைக்க வைத்தது, சுத்தியலால் தட்டியது. இரண்டு காசுகளைக் கடைந்து ஒட்டி, இரு பக்கமும் தலை வரும்படி செய்த மேஜிக் காசும் இந்த வகைதான். இன்னொரு தந்திரம், ஒரு காசின் மேல் இன்னொரு காசை வைத்து இடுக்கியில் அழுத்துவது. அழுத்தியதும் திரும்பிய உருவம் பதிந்துவிடும். பார்த்தால் நிஜப் பிசகு போலவே இருக்கும். ஆனால் அதில் ஏற்கெனவே இருந்த படம் நசுங்கிப்போயிருக்கும். இப்படிச் செய்த காசுக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்பு கிடையாது.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நகைக்கடைத் தராசு ஒன்று போதும். படம் ஒதுங்கியது போன்ற பிசகில் உலோகம் குறையாது. அதனால் எடை சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் அரம் அல்லது அமிலம் வேலை செய்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஓரம் கடிபட்ட காசில் எடை குறைவது இயல்பு. அதற்கு வேறு அடையாளம் உண்டு. கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பலவீனமாக, மழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்தை உயர்த்தும்போது அந்தப் பக்கம் அழுத்தம் கிடைக்காமல் போவதால் வரும் விளைவு இது. கத்தரியால் வெட்டியவரால் இதைக் கொண்டுவர முடியாது.

இந்தியக் காசை இடமிருந்து வலமாகப் புரட்டினால் இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும். பின்பக்கம் சாய்ந்திருந்தால் அச்சு திரும்பியிருக்கிறது என்று பொருள். அதுவும் பிசகுதான். ஆனால் லேசான சாய்வுக்குப் பெரிய விலை கிடையாது. நன்றாகத் தலைகீழாக இருந்தால்தான் கவனிப்பார்கள்.

காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது மட்டும் கூடவே கூடாது. புளி, பல்பொடி, கோலா எதுவும் வேண்டாம். தேய்த்த காசைச் சேகரிப்பாளர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். விலை அங்கேயே பாதியாகிவிடும்.

பணம் எங்கே பறிபோகிறது?

மோசடியின் திரைக்கதை ஏறக்குறைய ஒன்றுதான். போட்டோ அனுப்பியதும், "சூப்பர் காயின் சார், 8 லட்சத்துக்கு பார்ட்டி ரெடி" என்று பதில் வரும். பேரம்கூடப் பேச மாட்டார்கள். காசை நேரில் பார்க்கவும் கேட்க மாட்டார்கள். அடுத்து ஒரு சான்றிதழ் பி.டி.எஃப். மேலே ரிசர்வ் வங்கி முத்திரை. "பதிவுக் கட்டணம் மட்டும் 1,500 கட்டிடுங்க, பணம் வந்ததும் திருப்பித் தந்துடுவோம்." கட்டினால் அடுத்தது ஜி.எஸ்.டி., அதற்கடுத்து வருமான வரிப் பிடித்தம், பிறகு கூரியர் காப்பீடு. ஏற்கெனவே கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும்.

2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் எந்த வேலையிலும் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் சார்பில் வசூலிக்க யாருக்கும் அனுமதியும் தரவில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தது. அதனால் சான்றிதழில் ரிசர்வ் வங்கியின் பெயர் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நிராகரித்துவிடலாம்.

கட்டணம் கேட்டாலே மோசடியா என்றால், அப்படியும் இல்லை. முறையான ஏல நிறுவனங்கள் கமிஷன் எடுக்கும். ஆனால் அது விற்ற பிறகு, விற்ற தொகையிலிருந்து. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் காசைச் சோதித்து உறையிட்டுத் தர முன்பணம் வாங்கும். அது விற்பனை இல்லை, சோதனைச் சேவை. சாதாரண இந்தியப் பிசகுக் காசுக்கு அந்தக் கட்டணமே காசின் விலையைத் தாண்டிவிடும் என்பது வேறு விஷயம்.

இன்னொரு பொறி, ஆன்லைன் விளம்பரங்களில் போட்டிருக்கும் விலை. ஒரு ரூபாய்க் காசுக்கு 5 லட்சம் என்று யார் வேண்டுமானாலும் பட்டியலிடலாம். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஏலத்தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அதைப் பார்த்தால் பல லட்சங்கள் சில நூறுகளாகச் சுருங்கிவிடும்.

"பணம் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பதும் இதே கும்பல்களின் பழக்கம். யுபிஐ-யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

கையில் இருப்பது நிஜப் பிசகோ என்று தோன்றினால், ஊரில் நடக்கும் நாணயக் கண்காட்சிக்குக் காசை எடுத்துப் போய், ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டலாம். நாணயச் சேகரிப்புச் சங்கங்களின் கூட்டங்களில் பழகியவர்கள் கையில் வாங்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எடுத்த எடுப்பில் விற்க வேண்டிய அவசரமும் இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் முடக்கும் வாய்ப்பு அதிகம். சில நாள் கழித்து, "நீங்க இழந்த பணத்தை மீட்டுத் தர்றோம், அதுக்கு ஒரு சின்னக் கட்டணம்" என்று இன்னொரு போன் வரலாம். பேசுவது பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.